மூன்று பெட்டிகள், மூன்று மூட்டங்கள்: ஒரு வீட்டு இருட்டறையின் நிகழ்வு ஆய்வு

கறுப்பு வெள்ளைப் புகைப்படப் பிரிண்டில் கறுப்பு கெட்டால் யாருக்கும் உடனே தெரிந்துவிடும். வெள்ளை கெட்டால் அப்படித் தெரியாது. படம் ஏதோ மந்தமாக இருப்பதாக மட்டும் தோன்றும். நண்பர் ஒருவருடைய வீட்டு இருட்டறையில் பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தது இதுதான். முதலில் நெகட்டிவைக் குறை சொன்னார். பிறகு, தாளில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரை மாற்றினார், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் வீழ்த்தும் என்லார்ஜரின் லென்ஸைத் துடைத்தார், கறுப்பு வெள்ளை வேறுபாட்டை மாற்றும் காண்ட்ராஸ்ட் ஃபில்டரை ஒரு படி கூட்டிப் பார்த்தார். எதுவும் சரிவராமல், அச்சிடும் போட்டோ தாள் பழையதாகிவிட்டது என்று முடிவு கட்டி, இருக்கும் பெட்டிகளையெல்லாம் தூக்கி எறியத் துணிந்தார். எறிவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று என்னை அழைத்தார்.

தாளைக் குப்பையில் போடுவது எளிது. ஆனால் கெட்டுப்போன தாளைப் போல நேர்மையான சாட்சி இருட்டறையில் வேறு இல்லை. ஃபாக் என்று அச்சிடுபவர்கள் சொல்லும் சாம்பல் மூட்டம் தாளில் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே, அதைக் கெடுத்தது எது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். இங்கே மூன்று பெட்டிகளில் மூன்று விதமான மூட்டம் இருந்தது. அவற்றில் வெளிச்சம் நேரடியாகக் குற்றவாளியாக இருந்தது ஒரு பெட்டியில் மட்டுமே.

அறை இருந்த நிலை

வீட்டின் உட்புறத்தில் ஜன்னல் இல்லாத சாமான் அறைதான் இருட்டறை. ஒரு பக்கம் ஈர மேசை: டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் என்று மூன்று ட்ரேக்கள். எதிர்ப்பக்கம் உலர் மேசை: என்லார்ஜர், தாளை ஓரங்களில் தகடுகளால் பிடிக்கும் ஈசல், டைமர், தாள் வெட்டும் கருவி. உலர் மேசைக்கு மேலே, கதவில்லாத திறந்த அலமாரித் தட்டு. அன்றாடம் பயன்படுத்தும் பெட்டி அங்கே இருந்தது. கூரையை ஒட்டிய பரணில் இன்னொரு பெட்டி, சீல் உடைக்காமல். மூன்றாவது பெட்டி ஈர மேசைக்குக் கீழே, ரசாயனப் புட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் இழுப்பறையில். சேஃப்லைட்டாக, அதாவது தாளைக் கெடுக்காமல் வேலைக்கு மட்டும் வெளிச்சம் தர வேண்டிய பாதுகாப்பு விளக்காக இருந்தது, அலங்காரத்துக்கு விற்கும் சாதாரணச் சிவப்பு எல்.இ.டி. பல்பு. "சிவப்பாக இருந்தால் போதாதா?" என்பது நண்பரின் வாதம். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

அன்றாடப் பெட்டியில் இருந்தது ஆர்.சி. வகை, அதாவது இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு கொண்ட மல்டிகிரேடு தாள். மற்ற இரண்டும் அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் தாள். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: ஜெலட்டினில் பரவியிருக்கும் வெள்ளி புரோமைடு, வெள்ளி குளோரைடு படிகங்கள். ஒரு படிகத்தில் மூன்று நான்கு வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடினாலே போதும், டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக, அதாவது கறுப்பாக மாற்றிவிடும். அந்த அணுக்களைக் கூட்டியது வெளிச்சமா, சூடா, ஏதோ ஒரு வாயுவா என்று டெவலப்பர் விசாரிப்பதில்லை. தாளைப் பாதுகாப்பது என்றால் வெளிச்சம் படாமல் வைப்பது என்று மட்டும் நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

இருட்டில் வெட்டிய துண்டுகள்

சோதனைக்கு முன்பு அறையைச் சோதித்தோம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அதற்கு வழி. கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். இரண்டு நிமிடத்தில் "கும்மிருட்டு" என்று சான்றிதழ் கொடுப்பவர்கள் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். பத்து நிமிடம் தாண்டியதும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. கதவின் அடியில் நூல் போல ஒரு கோடு. மின் இணைப்புப் பலகையில் ஆரஞ்சு நிறக் குறிவிளக்கு. டைமரின் எண்கள். அணைத்த பிறகும் ட்யூப் லைட்டில் தங்கியிருந்த மங்கலான ஒளிர்வு. கதவுக்குக் கீழே துணி உருட்டி வைத்து, குறிவிளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, டைமரைத் திருப்பி வைத்துவிட்டு, ட்யூப் லைட் முழுதும் அடங்கும்வரை காத்திருந்தோம்.

பிறகு, சேஃப்லைட்டும் இல்லாத முழு இருட்டில், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மேல் தாள், நடுத் தாள், அடித் தாள் என்று மூன்று எடுத்தோம். ஒவ்வொன்றையும் குறுக்கே, ஓரம் முதல் ஓரம் வரை இரண்டு பட்டைகளாக வெட்டினோம். ஒரு பட்டையை டெவலப்பரில் வழக்கமான நேரம் வைத்து, ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என்று முழு வழியும் அனுப்ப வேண்டும். மற்றதை டெவலப்பரைக் காட்டாமல் நேராக ஃபிக்ஸரில் போட வேண்டும். இருட்டில் எது எது என்று அடையாளம் தெரிய, கத்தரியால் மூலையை வெட்டிக்கொண்டோம்: மேல் தாளுக்கு ஒரு வெட்டு, நடுத் தாளுக்கு இரண்டு, அடித் தாளுக்கு மூன்று. விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும்.

ஃபிக்ஸரில் மட்டும் போன பட்டைதான் அந்தத் தாளால் தரக்கூடிய உச்சபட்ச வெள்ளை. காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் இரண்டு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். வேறுபாடு இல்லையென்றால் தாள் நல்ல தாள். டெவலப் செய்த பட்டை சாம்பலாக இருந்தால், எக்ஸ்போஷரே கொடுக்காமல், அதாவது ஒளியே காட்டாமல் வந்த அந்தச் சாம்பல்தான் மூட்டம். இந்த ஒப்பீடு இல்லாமல், "கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது" என்று கண்ணளவில் சொல்வதற்கு மதிப்பில்லை. தாளின் அடிநிறமே வகைக்கு வகை மாறும். சில ஃபைபர் தாள்கள் தயாரிப்பிலேயே வெண்ணெய் நிறம் கொண்டவை.

அன்றாடப் பெட்டி: ஓரத்தில் ஒரு கறுப்பு

மேல் தாளில், ஒரே ஒரு நீளப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கறுப்பு இறங்கி, உள்ளே போகப் போகச் சாம்பலாகிக் கரைந்திருந்தது. நடுத் தாளில் அதே பக்கத்தில் பென்சில் கோடு அளவுக்கு ஒரு கறை. அடித் தாள் பழுதில்லை. மற்ற மூன்று பக்கங்களும் எல்லாத் தாள்களிலும் சுத்தம்.

ஒரு பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழே குறைந்துகொண்டே போகும் கறுப்பு என்றால் அது வெளிச்சம். சூடோ ஈரமோ பக்கம் பார்த்து நுழைவதில்லை. பெட்டியைப் பார்த்ததும் கதை தெரிந்தது. அட்டை மூடியின் ஒரு மூலை கிழிந்து, மேலே தெளிவான டேப் ஒட்டியிருந்தது. அந்த டேப் வழியே வெளிச்சம் தாராளமாகப் போகும். உள்ளே இருந்த கறுப்புப் பை வாய் ஒரே மடிப்பாக மடிக்கப்பட்டு, அந்த மடிப்பு சரியாகக் கிழிந்த மூலைப் பக்கம் வந்திருந்தது. பையைக் காலி செய்து, இருட்டில் அதனுள் செல்போன் டார்ச்சை எரியவிட்டுப் பார்த்தோம். பலமுறை மடித்துத் தேய்ந்த கோட்டில் ஊசித் துளைகள் வரிசையாக மின்னின. வேலை முடிந்து பிரிண்டுகளைக் காயவைக்க அறை விளக்கைப் போடும் நேரமெல்லாம் இந்தப் பெட்டி அதற்கு நேர் கீழே, திறந்த தட்டில் இருந்திருக்கிறது.

நண்பருக்கு நிம்மதி. "அப்படியானால் ஓரத்தை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்" என்றார். பயன்படுத்தலாம்தான். ஆனால் அவருடைய புகார் ஓரத்தைப் பற்றியது அல்ல. படம் முழுவதும் மந்தம் என்பதல்லவா புகார்? நடுத் தாளின் மையப்பகுதி இரண்டு பட்டையிலும் ஒரே வெள்ளையாக இருந்தது. தாள் நன்றாக இருக்கிறது. பிரிண்ட் நன்றாக இல்லை. ஆகவே கோளாறு பெட்டி மூடியிருக்கும் நேரத்தில் நடக்கவில்லை.

ஓரம் வெள்ளை, சட்டை சாம்பல்

மந்தமாக வந்த பிரிண்டுகளில் ஒன்று, வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு முதியவரின் படம். நெகட்டிவை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சட்டையில் மடிப்புகள் துல்லியமாக இருந்தன. பிரிண்டில் சட்டை முழுக்க ஒரே வெளிர் சாம்பல். மடிப்புகள் அதில் அமிழ்ந்திருந்தன. ஆனால் படத்தைச் சுற்றி ஈசலின் தகடு மறைத்த ஓரம் மட்டும் பளிச்சென்ற வெள்ளை. அந்த வெள்ளை ஓரத்தைக் காட்டித்தான் நண்பர், "சேஃப்லைட்டில் கோளாறு இருந்தால் இதுவும் சாம்பலாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று இத்தனை நாளும் அந்தப் பல்பைக் காப்பாற்றி வந்திருக்கிறார். எக்ஸ்போஸ் செய்யாத தாளின் மேல் நாணயம் வைத்து, சேஃப்லைட்டில் ஐந்து நிமிடம் காட்டி, டெவலப் செய்யும் பிரபலமான சோதனையையும் அவர் செய்திருந்தார். தாள் முழுக்க வெள்ளையாக வந்தது. பல்பு தேர்ச்சி பெற்றுவிட்டது.

அந்தச் சோதனை ஏன் ஏமாற்றும் என்பது இந்த நிகழ்வின் மையம், ஆகவே சற்று விளக்கமாகச் சொல்கிறேன். தாளுக்கு ஒரு தொடக்க வாசல் உண்டு. அதற்குக் குறைவான வெளிச்சம் பட்டால் டெவலப்பரில் எதுவும் தெரியாது. ஆனால் பட்ட வெளிச்சம் வீணாகிவிடுவதும் இல்லை. அது கணக்கில் இருக்கிறது. பின்னால் என்லார்ஜரிலிருந்து வரும் ஒளி அதன்மேல் சேரும்போது வாசல் தாண்டப்படுகிறது. நெகட்டிவின் அடர்த்தியான பகுதி வழியே மிகக் குறைந்த ஒளி பெறும் வெள்ளைச் சட்டை இப்படித்தான் சாம்பலாகிறது. ஈசல் தகட்டுக்கு அடியில் இருந்த ஓரத்துக்கு என்லார்ஜர் ஒளி கிடைக்கவே இல்லை. சேஃப்லைட்டின் கடன் மட்டும் இருந்தும் அது வாசலுக்குக் கீழேயே நின்று வெள்ளையாகவே தங்கிவிட்டது. ஓரம் வெள்ளை, வெளிர்பகுதி சாம்பல் என்ற இந்த ஜோடியைப் பார்த்தால் பாதுகாப்பு விளக்கைச் சந்தேகிப்பதுதான் முதல் வேலை.

லென்ஸில் சிதறும் ஒளியும் ஓரத்தை விட்டுவிட்டு வெளிர்பகுதியை மட்டும் சாம்பலாக்கும் என்பதால், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதே நெகட்டிவை, அதே எக்ஸ்போஷரில், பையைத் திறப்பது முதல் ஃபிக்ஸர் வரை முழு இருட்டில் ஒரு பட்டையாக அச்சிட்டோம். சட்டை மடிப்புகள் வந்துவிட்டன. லென்ஸ் நிரபராதி.

பிறகு நாணயச் சோதனையையே சரியான முறையில் செய்தோம். சேஃப்லைட்டை அணைத்துவிட்டு, நெகட்டிவ் இல்லாமல், லென்ஸ் துவாரத்தை முழுவதும் சுருக்கி, தாள் மிக மெல்லிய சாம்பலாக வரும் அளவு எக்ஸ்போஷர் எவ்வளவு என்று முதலில் கண்டுபிடித்துக்கொண்டோம். ஒரு புதிய தாள் முழுவதற்கும் அதே அளவைக் கொடுத்தோம். தாள் இப்போது வாசலைத் தாண்டிய நிலையில் இருக்கிறது. இனிமேல் சேரும் எந்த ஒளியும் கண்ணுக்குத் தெரியும். அதை வழக்கமாகத் தாள் வைக்கும் இடத்தில் வைத்து, வரிசையாக நாணயங்கள் அடுக்கி, சேஃப்லைட்டைப் போட்டு, அட்டையால் மறைத்துக்கொண்டே ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என்று கொடுத்தோம். டெவலப் செய்தபோது ஒரு நிமிடப் பகுதியிலேயே நாணயத்தின் வட்டம் வெளிறித் தெரிந்தது. எட்டு நிமிடப் பகுதியில் அது நிலா போலத் தனித்து நின்றது.

சிவப்பாக இருந்தால் போதாதா என்ற கேள்விக்கு ஒரு பழைய சிடி பதில் சொன்னது. சிடியின் பளபளப்பான பக்கத்தில் பல்பின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பார்த்தால் அதன் நிறமாலை விரியும். சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் பச்சையின் ஒரு கீற்று தெளிவாக இருந்தது. கண்ணுக்கு முழுச் சிவப்பாகத் தெரியும் விளக்கு வேறு நிறங்களையும் கசியவிடலாம். மல்டிகிரேடு தாள் நீலத்துக்கும் பச்சைக்கும் உணர்வுள்ளது. காண்ட்ராஸ்டை ஃபில்டரால் மாற்ற முடிவதே அதனால்தான். நீலத்தை மட்டும் உணரும் பழைய நிலையான கிரேடு தாளாக இருந்திருந்தால் இந்தப் பல்பு ஒருவேளை தப்பித்திருக்கும். கலர் பிரிண்ட் தாளாக இருந்தால் இந்தப் பல்புக்கு இடமே இல்லை. அதற்கு முழு இருட்டுதான் பத்திரம்.

ஆனால் பல்பின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. நண்பர் வேலை தொடங்கும்போதே ஒரு தாளைச் சோதனைத் துண்டுகளாக வெட்டி, என்லார்ஜர் பக்கத்தில் எமல்ஷன், அதாவது வெள்ளிப் படிகங்கள் பூசிய பக்கம், மேல்நோக்கி இருக்க அடுக்கி வைத்துக்கொள்வார். கைக்கு எட்டும் வசதி. அந்தத் துண்டுகள் அங்கே மணிக்கணக்கில் கிடக்கும். பெட்டியோ, ஒவ்வொரு முறையும் பையை மடித்து மூடுவது சலிப்பு என்பதால், பையின் வாய் திறந்தபடி, மூடி மட்டும் சாத்தியபடி இருக்கும். தரமான சேஃப்லைட்டில்கூடத் தாளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சில நிமிடங்களுக்குத்தான். பாதுகாப்பு என்ற சொல்லை நம்பித் தாளை அதன் கீழே குடியிருத்துகிறோம். வீட்டு இருட்டறைகளில் தாள் கெடுவதில் பெரும்பங்கு, மாதக்கணக்கில் பெட்டியில் இருக்கும்போது நடப்பதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. வேலை நடக்கும் அந்த ஓரிரு மணிநேரத்தில்தான் நடக்கிறது.

சீல் உடைக்காத பெட்டி

பரணில் இருந்த பெட்டியைப் பற்றி நண்பருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தொழிற்சாலை சீலே உடைக்கவில்லையே! மூன்று தாள்களின் டெவலப் செய்த பட்டைகளும் ஓரம் முதல் ஓரம் வரை, மேல், நடு, அடி என்ற வேறுபாடே இல்லாமல், சீரான சாம்பல். ஃபிக்ஸரில் மட்டும் போன பட்டைகள் வெள்ளை. இது சூட்டின் கைவேலை, காலத்தின் துணையோடு. பரணை ஒட்டிய சுவருக்கு மறுபுறம் வெந்நீர் ஹீட்டர். கையை வைத்தால் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. போதாததற்குச் சூடான காற்று மேலே ஏறித் தங்கும் இடம் அது. சீல் வெளிச்சத்தைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்கும். சூட்டை என்ன செய்யும்?

தாளுக்கு ஏற்றது 21 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பமும், 40 முதல் 50 சதவீத ஈரப்பதமும். சில மாதங்களில் தீர்ந்துவிடும் தாளுக்கு வீட்டிலேயே குளுமையான உள்ளறை ஒன்று போதும். தரையிலிருந்து சற்று உயரமாக, வெளிச்சுவரை ஒட்டாமல் இருந்தால் சரி. ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டிய, சீல் உடைக்காத பெட்டிகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி நல்லது. அதில் ஒரே ஒரு நிபந்தனை: வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் பனித்துப் படிந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், திட்டுத் திட்டாக டெவலப் ஆகும். நூறு தாள் கொண்ட பெட்டியின் நடுப்பகுதி அறை வெப்பத்துக்கு வர நேரம் பிடிக்கும் என்பதால், முந்தைய இரவே எடுத்து வைத்துவிடுவது வசதி. திறந்துவிட்ட பெட்டியைத் திரும்ப உள்ளே வைப்பதாக இருந்தால், ஈரம் புகாத பையில் காற்றை வெளியேற்றிச் சுற்றிவிட வேண்டும்.

அழுகிய முட்டை நாற்றம்

மூன்றாவது பெட்டிதான் எனக்குச் சுவாரசியமானது. மேல் தாள் முதல் அடித் தாள் வரை, நான்கு பக்க ஓரங்களிலும் ஏறக்குறைய ஒரே அகலத்துக்குச் சாம்பல். நடுவில் சட்டம் போட்டதுபோலச் சுத்தமான வெள்ளை. ஒரு பக்கம் மட்டும் இல்லாததால் வெளிச்சக் கசிவு அடிபட்டுப் போகிறது. நடு வெள்ளையாக இருப்பதால் சூடும் அடிபடுகிறது. காற்றில் இருந்த ஏதோ ஒன்று அடுக்கின் நான்கு பக்கமும் ஊறியிருக்கிறது.

இழுப்பறையைத் திறந்தபோதே பதில் மூக்கில் ஏறியது. நண்பர் சில பிரிண்டுகளை சோடியம் சல்ஃபைடு கொண்டு செபியா டோனிங், அதாவது பழுப்பு நிறமேற்றுதல், செய்பவர். அந்தக் கரைசல் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம். வெள்ளியோடு கந்தகம் சேர்வதில் உள்ள வேகத்துக்கு வெள்ளிப் பாத்திரம் கறுப்பதே சாட்சி. எமல்ஷனில் அது உண்டாக்கும் நுண்ணிய வெள்ளி சல்ஃபைடு துகள்கள், ஒளி பட்ட புள்ளிகளைப் போலவே டெவலப்பருக்கு வழி காட்டிவிடுகின்றன. சல்ஃபைடு புட்டி இருந்தது அதே மேசையின் கீழே, இழுப்பறைக்கு ஒரு முழம் தள்ளி. தாள் பழையதானாலும் ஓரத்திலிருந்து மூட்டம் தொடங்குவது உண்டு என்பதால், காலத்தை விலக்கிப் பார்க்க ஒரு சாட்சி தேவைப்பட்டது. நல்லவேளையாக, அதே தயாரிப்பு எண் கொண்ட இன்னொரு சிறு பொட்டலம் படுக்கையறை அலமாரியில் இருந்தது. அதன் பட்டைகள் ஓரத்திலும் வெள்ளை. வழக்கு முடிந்தது.

இருட்டில் வைத்தாலே தாள் பத்திரம் என்ற நம்பிக்கை பழையது. அது உடைந்ததும் பழைய கதைதான். 1896இல் ஆன்றி பெக்கரல் கறுப்புத் தாள் சுற்றிய போட்டோ தகட்டை யுரேனிய உப்போடு இழுப்பறையில் வைத்திருந்து டெவலப் செய்தபோது, வெயிலே படாத தகட்டில் உப்பின் வடிவம் பதிந்திருந்தது. கதிரியக்கம் வெளிப்பட்டது அப்படி. சில உலோகங்களும் மரமும் வார்னிஷும்கூட இருட்டில் தகட்டைக் கெடுக்கின்றன என்பதையும் அதே பத்தாண்டின் இறுதியில் ரஸ்ஸல் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து எழுதினார். நம் வீட்டில் யுரேனியம் இல்லை. ஆனால் புதிதாக வார்னிஷ் அடித்த அலமாரி, ஃபார்மால்டிஹைடு வெளியிடும் ஒட்டுப்பலகை, டர்பென்டைன், அமோனியா கலந்த தரைத் துடைப்பான், ஹைட்ரஜன் பெராக்சைடு புட்டி ஆகியவை பல வீடுகளில் உண்டு. இவை எதுவும் தாளுக்கு அண்டைவீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது.

மாற்றியமைத்தவை

சிவப்புப் பல்பு வெளியேறியது. அதன் இடத்தில் மல்டிகிரேடு தாளுக்கான ஆம்பர் ஃபில்டரும் 15 வாட் பல்பும் கொண்ட சேஃப்லைட், தாளிலிருந்து 1.2 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், சுவரை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது. முன்னே சொன்ன நாணயச் சோதனையை அதற்கும் செய்தோம். நான்கு நிமிடப் பகுதிவரை வட்டம் தெரியவில்லை. ஆர்.சி. தாள் டெவலப்பரில் இருப்பது ஒன்று ஒன்றரை நிமிடம், ஃபைபர் தாள் இரண்டு மூன்று நிமிடம் என்பதால், அது போதுமான இடைவெளி. ஃபில்டர்களும் காலப்போக்கில் வெளிறிப்போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வேலை நேரத்துக்குத் தாள் வைக்க, மூடி தானாக விழும் ஒளிபுகாப் பெட்டி ஒன்று உலர் மேசையில் வந்தது. அன்றைக்கு வேண்டிய தாளும் சோதனைத் துண்டுகளும் மட்டும் அதற்குள் போகும், எமல்ஷன் கீழ்நோக்கி. தாள் லேசாக எமல்ஷன் பக்கம்தான் வளைந்திருக்கும் என்பதால் இருட்டிலும் பக்கம் பிடிபடும். வேலை முடிந்ததும் மீதி, மூலப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மேசையில் உள்ள இந்தப் புதிய பெட்டியை இரவு தங்கும் இடமாக நினைக்கக் கூடாது, ஏனென்றால் சும்மா சாத்திய மூடியை யாராவது திறந்துவிட ஒரு நொடி போதும். இந்த விஷயத்தில் நான் சற்றுக் கெடுபிடியானவன்: அறை விளக்கின் ஸ்விட்சுக்கு மேல் ஒரு மூடியைப் பொருத்தச் சொன்னேன். கையை வைத்து மூடியைத் தூக்கும் அந்த நொடியில் "தாள் உள்ளே போய்விட்டதா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நண்பர் சிரித்தார், பொருத்திவிட்டார்.

மூலப் பெட்டியில் தேய்ந்த பை போய்ப் புதிய கறுப்புப் பைகள் இரண்டு வந்தன. முதல் பையின் வாயை இரண்டு மடிப்பாக மடித்து, அந்த வாய்ப்பக்கம் உள்ளே போகும்படி இரண்டாவது பையில் நுழைத்து, அதன் வாயை எதிர்முனையில் மடித்தால், ஒரு மடிப்பில் கசிந்தாலும் மற்றது காக்கும். கிழிந்த மூடிக்குக் கறுப்புத் துணி டேப். பெட்டிகள் இப்போது சூட்டில் பதப்படுத்திய பூச்சு கொண்ட இரும்பு அலமாரியில், படுக்கையறைப் பக்கத்து உள்ளறையில், கிடையாக இருக்கின்றன. நட்டுக்குத்தலாக வைத்தால் பாதி காலியான பெட்டியில் தாள் தொய்ந்து வளையும். மேலே மேலே பாரம் ஏற்றினாலும் எமல்ஷனில் அழுத்தத் தழும்பு விழலாம். ஒவ்வொரு பெட்டியின் மேலும் வாங்கிய மாதம், திறந்த மாதம், தயாரிப்பு எண் எழுதப்பட்டிருக்கிறது. பழையதுதான் முதலில் கைக்கு வர வேண்டும்.

சல்ஃபைடு டோனிங் வீட்டுக்கு வெளியே போய்விட்டது. நாற்றமில்லாத தயோயூரியா டோனர் பக்கம் நண்பரைத் திருப்பப் பார்த்தேன். பழைய செபியாவின் நிறம் அதில் வரவில்லை என்கிறார். அது அவர் ரசனை. புட்டி மட்டும் தாள் இருக்கும் கூரைக்குக் கீழே வரக் கூடாது.

மீந்த தாள்கள்

எதையும் எறியவில்லை. அன்றாடப் பெட்டியின் தாள்களில் கறுத்த பக்கத்தை ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டியதும் மிச்சம் புதியது போலவே அச்சாகிறது. சல்ஃபைடு தின்ற ஃபைபர் தாளின் நடுப்பகுதி சிறிய அளவுப் பிரிண்டுகளுக்குப் போகிறது.

சூட்டில் கெட்ட பெட்டிக்குத்தான் அதிக உழைப்பு. டெவலப்பரில் ஒரு சதவீத பென்சோட்ரையசோல் கரைசலை லிட்டருக்கு 10 மில்லி சேர்த்துத் தொடங்கி, மூட்டம் அடங்கும்வரை படிப்படியாகக் கூட்டினோம். தாளின் வேகம், அதாவது ஒளியுணர்வு, குறைந்தது, எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டியிருந்தது. வெள்ளை பெரும்பாலும் திரும்பியது, ஆனால் முழுமையாக அல்ல. மிச்சமிருந்த மெல்லிய சாம்பலை, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஹைப்போ என்ற ஃபிக்ஸர் உப்பும் கலந்த, வெள்ளியைக் கரைக்கும் நீர்த்த ஃபார்மர் கரைசலில் சில விநாடிகள் முக்கி எடுத்தபோது சட்டை மடிப்புகள் தெளிந்தன. அவ்வளவு சிரமம் ஒவ்வொரு பிரிண்டுக்கும் தகுமா என்றால், தகாது. ஆகவே பெட்டியில் பாதியை நண்பர் லூமன் பிரிண்டுகளுக்கு ஒதுக்கிவிட்டார்: இலைகளையும் பூக்களையும் தாளின் மேல் வைத்து மணிக்கணக்கில் வெயிலில் காட்டினால், டெவலப்பரே இல்லாமல் தாள் தானாக நிறம் பிடிக்கும், பிறகு ஃபிக்ஸர் மட்டும். டெவலப்பர் தொடாத தாளில் மூட்டம் தலைகாட்டுவதில்லை.